பெவிலியன் முனையில் க்ளெம்

ப்ரையரி மைதானத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை எழுத என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் திறமைதான் காரணம் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கேட்ட மற்ற எல்லோரும் மறுத்துவிட்டார்கள் என்று. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் மறுத்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் மறுத்தார். நகர நூலகர் மறுத்ததோடு நிற்காமல் அனுதாபமும் தெரிவித்தாராம். நான் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் செய்ய வேலை எதுவும் இல்லை. கிரிக்கெட்டில் என் அதிகபட்ச ஓட்டம், ஓவர்த்ரோவையும் சேர்த்து, ஏழு. இந்தத் தகுதிகள் போதும் என்று வென்ஷயர் கவுண்டி கிளப் முடிவு செய்தது. சம்பளம் கிடையாது. மைதானத்துக்குள் இலவசமாக வரலாம், மதியம் முட்டை சாண்ட்விச் உண்டு.

கிளப் தலைவர் கார்ஃபிட் ஒரு பல் மருத்துவர். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். என் முதல் நகலைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்க ரூபர்ட். ஆனா மழை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு.”

“பெஞ்சது சார்.”

“பெஞ்சதுதான். பெஞ்சதையெல்லாம் எழுதணுமா?”

நியாயமான கேள்வி. ஆனால் மழையை எடுத்துவிட்டால் ப்ரையரி மைதானத்தின் வரலாறு ஒரு பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதும் அளவுக்குத்தான் மிஞ்சும். ஆதியில் அது ஒரு மடத்துத் துறவிகளின் மீன்குளம். மடம் போனது, துறவிகள் போனார்கள், மீன்கள் போயின, தண்ணீர் மட்டும் போகவில்லை. அந்த நிலத்தை யாருக்கும் விற்க முடியாமல் தவித்த ஒரு பிரபு அதைக் கிரிக்கெட்டுக்குத் தானமாகக் கொடுத்தார். அவருடைய சிலை வாசலில் இருக்கிறது, கையில் குடையோடு. சிற்பி அதைக் கைத்தடி என்று சொன்னாராம், யாரும் நம்பவில்லை. முதல் கவுண்டி ஆட்டம் மழையால் கைவிடப்பட்டது. முதல் உலகப் போரில் ராணுவம் இங்கே குதிரைகளைக் கட்டியது. குளம்பு அழுகத் தொடங்கியதும் வேறு இடம் தேடிப் போய்விட்டது. அடுத்த போரில் உருளைக்கிழங்கு போட்டார்கள், அதுவும் அழுகியது. எதிரி விமானம் போட்ட குண்டு ஒன்று ஸ்கொயர் லெக் பக்கம் விழுந்து, சேற்றில் புதைந்து, வெடிக்க மனமில்லாமல் அப்படியே கிடந்துவிட்டது. எங்கள் மைதானம் நாட்டுக்குச் செய்த ஒரே சேவை அதுதான். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் இங்கே வந்திருக்கிறார்கள். வந்து, பெவிலியனில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் நக்கலாக எழுதியிருந்தேன். அந்த இடங்களில் கார்ஃபிட் ஓரத்தில் ‘அருமையான தகவல்’ என்று குறித்திருந்தார். நான் உருகி உருகி எழுதிய ஒரே பக்கத்துக்கு எதிரில் ‘ஹஹ்ஹா’.

“கடைசி அத்தியாயமாவது கம்பீரமா இருக்கட்டும்,” என்றார். “செப்டம்பர்ல சீசனோட கடைசி ஆட்டம் இருக்கு. அதைப் பார்த்து எழுது. ஏதாவது நடக்கும்.”

“இங்கயா சார்?”

அவர் என் கடைவாய்ப் பல்லைக் கவலையோடு பார்த்தார்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வேறொரு விசேஷமும் இருந்தது. எங்கள் ஊரில் கவுண்டி ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வருவதில்லை. சாப்பாட்டு இடைவேளைக்காக வருகிறார்கள். அந்த நேரத்தில் பார்வையாளர்கள் புல்லில் இறங்கி நடக்கலாம். எல்லைக் கயிற்றைத் தாண்டி நடு மைதானம் வரை போகலாம். அங்கே பிட்ச்சுகளைச் சுற்றி இன்னொரு கயிறு கட்டியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. அந்தக் கயிற்றோரம் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிட்ச்சைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “திரும்பும்போல இருக்கே” என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர், “ஆமா, டீக்கு மேல” என்பார். இருவரும் திருப்தியாகத் திரும்பி வருவார்கள். பல் மருத்துவர், பால்காரர், பாதிரியார், நாய்கள், எல்லோரும் இதைச் செய்வார்கள். நாய்கள் மட்டும் கருத்துச் சொல்லாது. டீ இடைவேளைக்கு மேல் பந்து உண்மையிலேயே திரும்பியதா என்று யாரும் பார்த்ததில்லை. அதற்குள் மழை வந்துவிடும்.

அடுத்த வருடத்திலிருந்து இந்த நடை கிடையாது என்று கிளப் அறிவித்திருந்தது. யாராவது கால் சுளுக்கி வழக்குப் போட்டால் என்ன செய்வீர்கள் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டுவிட்டார்களாம். ஆக, கடைசி ஆட்டத்தின் கடைசி நாள் மதியம்தான் ப்ரையரி புல்லில் பொதுஜனம் கால் வைக்கும் கடைசித் தடவை. இதை வைத்துக் கம்பீரமாக ஒரு பத்தி எழுதிவிடலாம் என்று முதல் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். அதிலும் மழை வந்திருந்தது.

அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, வேண்டா வெறுப்பாக நடந்தது. நான் பெவிலியனுக்குப் பக்கத்து வரிசையில் ஹெஸ்டர் வாம்ஸ்லிக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். கோடை முழுக்க அதுதான் என் இடம். மிஸஸ் வாம்ஸ்லி பைனாகுலர் வைத்திருப்பார். ஆட்டத்தைப் பார்க்க அல்ல. எதிர்ப்பக்கத்தில் யார் தூங்குகிறார்கள், யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்க்க. என் புத்தகத்தில் உள்ள நல்ல தகவல்கள் எல்லாம் அந்தப் பைனாகுலர் வழியாக வந்தவை. கார்ஃபிட் அவற்றையெல்லாம் வெட்டிவிட்டார்.

மிஸஸ் வாம்ஸ்லியின் கணவர் க்ளெம் பிப்ரவரியில் இறந்துபோனார். க்ளெம் ஓர் ஆஃப் ஸ்பின்னர். வாலிபத்தில் பல கோடைகள் வென்ஷயர் அணியோடு இருந்தார், பன்னிரண்டாவது ஆளாக. ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். ஈரத்துண்டு கொண்டுபோவார். ஒருமுறை அம்பயருடைய பல்செட்டைக் கொண்டுபோனார். யாருக்காவது அடிபட்டால் எல்லைக்கோட்டோரம் நின்று பந்து பொறுக்குவார். ஒரே ஒருமுறை பதினொரு பேரில் ஒருவராகத் தேர்வானார். அந்த ஆட்டம் ப்ரையரி மைதானத்தில். இதுவரை படித்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அடுத்த வாரம் வேறொருவரை எடுத்தார்கள். க்ளெம் அதன்பிறகு குழாய் ரிப்பேர் வேலைக்குப் போனார். தண்ணீர் அவரைக் கடைசிவரை விடவில்லை.

“ரூபர்ட்,” என்றார் மிஸஸ் வாம்ஸ்லி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே. “உன் கால் ரெண்டும் நல்லா இருக்கா?”

“இருக்குங்க. ஏன்?”

“எனக்கு ஒண்ணுதான் சரியா இருக்கு. சாப்பாட்டு நேரத்துல நடு மைதானம் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. க்ளெம்மும் வர்றாரு.”

காலடியில் இருந்த துணிப்பையைச் செருப்பு நுனியால் லேசாகத் தொட்டுக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. கிளப் கடையில் வனிலா ஐஸ்கிரீம் வருகிற டப்பா. ஐஸ்கிரீம் தீர்ந்ததும் காலி டப்பாக்களில் பாதியை க்ளெம் வீட்டுக்கு எடுத்துப் போவார், ஆணியும் வாஷரும் போட்டுவைக்க. மீதியை மைதானத்தைப் பராமரிக்கும் வில்ஃப் எடுத்துப் போவார், ஈரத் தரையில் தூவும் மரத்தூள் போட்டுவைக்க. இந்த டப்பாவின் மூடியில் க்ளெம்மின் கோணல் எழுத்தில் ‘வாஷர், முக்கால் இஞ்ச்’ என்று எழுதியிருந்தது.

“இதுலயா?”

“தகனம் பண்றவங்க ஜாடி ஒண்ணு குடுத்தாங்க. பளபளன்னு, ஜெயிச்ச கோப்பை மாதிரி. க்ளெம் ஜென்மத்துல கோப்பை வாங்கினதில்ல. கூச்சப்படுவாரு.”

“வாசல்ல பையைத் திறந்து பார்ப்பாங்களே?”

“பார்த்தான். ‘என்னம்மா இது’ன்னான். ‘என் வீட்டுக்காரர்’னேன். ‘கண்ணாடிச் சாமான் எதுவும் இல்லையே’ன்னான். ‘இல்லப்பா’ன்னேன். ‘போங்க’ன்னுட்டான்.”

ப்ரையரி மைதானத்தில் அஸ்தி தூவத் தடை உண்டு. அது வில்ஃப் கொண்டுவந்த சட்டம். சாம்பல் பட்ட இடத்தில் புல் வெந்துபோகும் என்பது அவர் கட்சி. ஒரு கோடை முழுக்க மிட்விக்கெட்டில் ஒரு வங்கி மேலாளர் அளவுக்கு மஞ்சள் திட்டு இருந்ததாகச் சொல்வார். எனவே காலஞ்சென்ற உறுப்பினர்களுக்கென்று சைட் ஸ்கிரீன் என்கிற பெரிய வெள்ளைத் தட்டிக்குப் பின்னால், காஞ்சொறி மண்டிய மூலை ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். கிளப் அதற்கு நினைவுப் பூங்கா என்று பெயர் வைத்திருந்தது.

“பூங்காவுல போட்டா…” என்று ஆரம்பித்தேன்.

“காஞ்சொறிக்குள்ள போட மாட்டேன். அங்கயிருந்து பார்த்தா ஸ்கிரீனோட முதுகுதான் தெரியும்.”

“எல்லைக்கோட்டுப் பக்கம் புல்லுல கொஞ்சம்…”

“எல்லைக்கோட்டுல அவர் நின்னது போதும்.” பைனாகுலரை மடியில் வைத்தார். “ஆஸ்பத்திரியில சொன்னாரு. ‘ஹெஸ், என்னை நடுவுல கொண்டுபோய்ப் போடு. பந்து போடற இடத்துல. ஒரு தடவையாவது.’ சாகப்போற மனுஷன் கேட்டது ரெண்டே ரெண்டு. முதல்ல ஒரு பேரிக்காய் கேட்டாரு. அது கிடைக்கல. இதையாவது பண்ணணும்ல?”

நான் பையின் துணியை இழுத்து டப்பாவை மூடினேன்.

“இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம் கயித்துக்கு உள்ள காலே வைக்க விட மாட்டாங்க. அப்புறம் அவர் காலம் பூரா என் கொட்டகையில, வாஷருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.”

மாட்டிக்கொண்டால் என் புத்தகம் போச்சு. கார்ஃபிட்டுக்கு மழையைவிடப் பிடிக்காதது வில்ஃபின் கோபம். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கும் துணிச்சல் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பலர் இதை இரக்க குணம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் அவர்களைத் திருத்துவதில்லை.

சாப்பாட்டு இடைவேளை வந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். எல்லைக் கயிற்றைச் சுற்றிலும் கூட்டம் வந்து நின்றது. யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. தரை ஈரமாக இருந்தால் நடையை ரத்து செய்யும் அதிகாரம் வில்ஃபுக்கு உண்டு. அவர் தனியாக நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார். பூட்ஸ் நுனியால் புல்லை அழுத்திப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். வில்ஃபுக்கு மனிதர்கள் மேல் விரோதம் கிடையாது. அவர்களுக்குக் கால்கள் இருப்பதுதான் அவருக்குப் பிடிக்காது.

“விட மாட்டான் போல இருக்கே,” என்றார் மிஸஸ் வாம்ஸ்லி. என் முழங்கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின. நான் வாழ்நாளில் முதல்முறையாக மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மழை எனக்குச் சோறு போடும் தெய்வம் என்பதால் கொஞ்சம் துரோகம் செய்வது போலவும் இருந்தது.

வில்ஃப் பெவிலியனைப் பார்த்து, தன் கிட்னியைத் தானம் செய்கிறவர் போலக் கட்டைவிரலை உயர்த்தினார். ஒலிபெருக்கி கரகரத்தது. கூட்டம் புல்லில் இறங்கியது.

திட்டம் என்னுடையது. நான் வில்ஃபிடம் பேச்சுக் கொடுப்பேன். அந்தச் சந்தில் மிஸஸ் வாம்ஸ்லி கயிற்றுக்கு மேல் கையை நீட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிடுவார். என் பேராசிரியர் என் கட்டுரைகளைப் பற்றிச் சொல்வது போல, கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெவிலியன் முனைக்கு நேராகக் கயிற்றோரம் போய் நின்றதும் முதல் ஓட்டை தெரிந்தது.

“காத்து எதிர்ல வருதுங்க,” என்றேன். “தூவினா நமக்குப் பின்னாடிதான் போகும். பாதிரியார் மேல விழும்.”

“அவருக்குப் பழக்கம்தானே.”

“அவர் கையில ஸ்கோன் வெச்சிருக்காருங்க.”

மிஸஸ் வாம்ஸ்லி திரும்பிப் பார்த்தார். பாதிரியார் வெண்ணெயும் ஜாமும் தடவிய ஸ்கோனைத் தூக்கிக் காட்டி, “டீக்கு மேல திரும்பும்” என்றார்.

“நீ கயித்தைத் தாண்டிப் போய்க் கொட்டிட்டு ஓடி வந்துடு,” என்றார் மிஸஸ் வாம்ஸ்லி மெதுவாக.

“எல்லாரும் பார்ப்பாங்க.”

“நீ ஆடறப்பவும்தான் எல்லாரும் பார்த்தாங்க. செத்தா போயிட்ட?”

அப்போது வில்ஃப் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நேராக எங்களை நோக்கி, பையின் மேல் கண்ணாக. பாதி வழியில் ஒரு நாயை விரட்ட அவர் திரும்பினார். கயிற்றோரம், எனக்குப் பின்னால், வில்ஃபின் தள்ளுவண்டி நின்றது. அதில் மரத்தூள் நிரப்பிய வெள்ளை டப்பாக்கள். சட்டென்று பையிலிருந்து க்ளெம்மை எடுத்து அந்த டப்பாக்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆட்டு மந்தையில் ஆட்டை ஒளித்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. என் மூளை வேலை செய்கிற தருணங்களில்தான் எனக்குப் பெரும்பாலும் நஷ்டம் வரும்.

“என்ன காலேஜு, புஸ்தகம் முடிஞ்சுதா?” என்றார் வில்ஃப். அவர் கண்ணாடியில் தூறல் முத்து முத்தாக நின்றது. துடைக்கவில்லை.

“முடியப்போகுது வில்ஃப். ஒரே ஒரு சந்தேகம். அந்த மீன்குளம் எந்த இடத்துல ரொம்ப ஆழம்?”

“நீ நிக்கற இடத்துலதான். ஏன், முழுகப் போறியா?” பிறகு மிஸஸ் வாம்ஸ்லியிடம், “பையில என்ன வெச்சிருக்கீங்க?”

மிஸஸ் வாம்ஸ்லி பையை விரித்துக் காட்டினார். “முட்டை சாண்ட்விச் வெச்சிருந்தேன். இவன் தின்னுட்டான்.”

“திங்கற மூஞ்சிதான்,” என்றார் வில்ஃப். “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. யாரையும் நம்ப முடியல. போன மாசம் ஒருத்தி மாமனாரைக் குடைக்குள்ள வெச்சுக் கொண்டுவந்தா. கரெக்டா மழை வந்துச்சு. பழக்க தோஷத்துல குடையை விரிச்சுட்டா.”

“அப்புறம்?”

“என்னத்தைச் சொல்ல. நல்ல மனுஷன், எப்பவும் முன்வரிசையில உட்கார்ந்து பார்ப்பாரு. அன்னிக்கும் எல்லார் மேலயும் உட்கார்ந்துட்டாரு.”

அப்போது நடுவிலிருந்து அம்பயர் குரல் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சீக்கிரமே வந்து பிட்ச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார். பெவிலியன் முனையில் பந்துவீச்சாளர்கள் கால் ஊன்றும் இடம் பள்ளமாகிச் சேறு கட்டியிருக்கிறது, ஏதாவது போட்டு இறுக்கினால்தான் ஆட்டத்தைத் தொடங்குவேன் என்றார்.

“போடறேன், போடறேன்,” என்று முணுமுணுத்துக்கொண்டே வில்ஃப் வண்டிப் பக்கம் போனார்.

முதல் டப்பாவைத் திறந்து விரலை விட்டார். “நனைஞ்சு போச்சு.” இரண்டாவதைத் திறந்தார். “இதுவும் கஞ்சி.” மூன்றாவது டப்பாவின் மூடியைக் கழற்றி, விரலை விட்டு, தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வில்ஃபின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அடேயப்பா. இது நல்லா காஞ்சிருக்கே.”

டப்பாவையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி நடந்தார்.

நான் வாயைத் திறந்தேன். மிஸஸ் வாம்ஸ்லி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“சொல்லிடணும்ங்க,” என்றேன்.

“என்னன்னு?”

“அது மரத்தூள் இல்லன்னு.”

“வாயை மூடு ரூபர்ட். வேலை செய்யறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது.”

வில்ஃப் பள்ளத்துக்கு முன் குனிந்தார். டப்பாவைச் சாய்த்து, சமையல்காரர் உப்புப் போடுகிற பக்குவத்தில், ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகக் கொட்டினார். கையால் பரப்பினார். மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கினார். பிறகு பூட்ஸ் காலால் நன்றாக மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் மிஸஸ் வாம்ஸ்லியின் தோள் லேசாகக் குலுங்கியது.

“கொஞ்சம் மெதுவா மிதிக்கலாம்,” என்றார். பிறகு, “பரவால்ல. நான் மிதிச்சதைவிடக் கம்மிதான்.”

அம்பயர் வந்து தன் குதிகாலை ஊன்றிச் சோதித்துவிட்டுத் தலையாட்டினார். இப்படியாக, பதினொரு பேரில் ஒருவராக வந்து ஒரு பந்தும் போடாமல் போன க்ளெம் வாம்ஸ்லி, தடை கொண்டுவந்தவர் கையாலேயே, அம்பயரின் ஒப்புதலோடு, பெவிலியன் முனையில் பந்து போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். இதில் என் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், ஒரு டப்பாவைத் தவறான இடத்தில் வைத்தேன் என்று சொல்லலாம். கோடை முழுவதும் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

பக்கத்தில் நின்ற பால்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். “திரும்பும்போல இருக்கே,” என்றார்.

“ஆமா,” என்றார் மிஸஸ் வாம்ஸ்லி. “டீக்கு மேல.”

மணி அடித்தது. எல்லோரும் இருக்கைகளுக்குத் திரும்பினோம். ஆட்டம் தொடங்கியது. எங்கள் வேகப்பந்துவீச்சாளர் அந்த முனையில் வழுக்குகிறது, போட மாட்டேன் என்று கைவிரித்துவிட்டார். கேப்டன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், பந்தை ட்ரெகார்னிடம் தூக்கிப் போட்டார். ட்ரெகார்ன் ஆஃப் ஸ்பின்னர். அந்தக் கோடையில் அவர் பெரும்பாலும் தண்ணீர்தான் கொண்டுபோனார்.

மிஸஸ் வாம்ஸ்லி பைனாகுலரை எடுத்து, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஆட்டத்தைப் பார்த்தார்.

ட்ரெகார்ன் மெதுவாக ஓடிவந்து இடது காலை க்ளெம் மேல் ஊன்றிப் பந்தை வீசினார். குட்டையாக விழுந்தது. ஆட்டக்காரர் பின்னால் சாய்ந்து ஓங்கி அடித்தார். பந்து ஐஸ்கிரீம் கடைக் கூரையில் போய் விழுந்தது.

“அவரேதான்,” என்றார் மிஸஸ் வாம்ஸ்லி. “அச்சு அசல்.”

அடுத்த பந்து கால் பக்கம் போனது. அதற்கடுத்தது நான்கு ஓட்டம். எதிர்ப்பக்கத்தில் யாரோ கொட்டாவி விடுவது பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது. நான் மனத்துக்குள் கடைசி அத்தியாயத்தின் கம்பீரமான வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தேன். ஓவரின் கடைசிப் பந்து வந்தது. நல்ல உயரம். விழுந்த இடத்தில் ஒரு கணம் யோசித்தது போலத் தயங்கி, பிறகு சரேலென்று உள்ளே திரும்பி, ஆட்டக்காரரின் கால்காப்பில் மோதியது. ட்ரெகார்னே நம்பவில்லை. அவர் கேட்பதற்கு முன் எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“ஹௌஸ் தட்!”

மிஸஸ் வாம்ஸ்லி எழுந்து நின்றிருந்தார், ஒரே காலில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. ப்ரையரியில் பார்வையாளர்கள் அவுட் கேட்பது கிடையாது. கைதட்டுவதே கொஞ்சம் அதிகம். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாதிரியார் விழித்துக்கொண்டார்.

அம்பயர் நிதானமாக யோசித்தார். தலையை ஆட்டினார். இல்லை.

“கண்ணு எங்க வெச்சிருக்கான்,” என்று சொல்லிவிட்டு மிஸஸ் வாம்ஸ்லி உட்கார்ந்தார். பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மழை வந்தது. வழக்கமான தூறல் அல்ல. துறவிகளின் மீன்களைத் திருப்பிக் கொண்டுவருகிற மழை. ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். வில்ஃப் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு முதலில் பெவிலியன் முனைக்கு ஓடினார். மூடி, ஓரங்களில் பாரம் வைத்தார்.

“இப்பத்தான் முதல் தடவையா மழையில நனையாம இருக்காரு,” என்றார் மிஸஸ் வாம்ஸ்லி.

ட்ரெகார்ன் எங்களைக் கடந்து பெவிலியன் படிகளில் ஏறினார். படி விளிம்பில் பூட்ஸைத் தட்டிச் சேற்றை உதிர்க்கப் பார்த்தார். கொஞ்சம் உதிர்ந்தது, மீதி அவரோடு உள்ளே போனது, ஆடுகிறவர்களின் அறைக்கு. மிஸஸ் வாம்ஸ்லி அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் டிரா என்று அறிவித்தார்கள். தேநீர் அறைக்குப் போனோம். கார்ஃபிட் கையில் கேக்கோடு வந்து என் வாயைப் பார்த்தார்.

“என்ன ரூபர்ட், கம்பீரமா ஏதாவது நடந்துச்சா?”

“பெவிலியன் முனையில ஒரு ஓவர் போட்டாங்க சார்.”

“விக்கெட்?”

“இல்ல. ஆனா கேட்டாங்க.”

“மழையைப் பத்தி எழுதிடாதே,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்போது வில்ஃப் உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் காலி டப்பா. கழுவித் துடைத்திருந்தார். எங்கள் மேஜைக்கு வந்து அதை மிஸஸ் வாம்ஸ்லியின் டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியை அதன்மேல் சரியாகப் பொருத்தினார், எழுத்து அவர் பக்கம் தெரியும்படி. வாஷர், முக்கால் இஞ்ச்.

“இது நம்ம டப்பா இல்ல,” என்றார்.

நான் சாண்ட்விச்சைக் கடித்தபடியே நின்றுவிட்டேன். மிஸஸ் வாம்ஸ்லி மூடியைப் பார்த்தார். வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். தண்ணீரை உதறத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் உதறவில்லை.

“அந்த இடத்துல எப்படியும் புல்லு கிடையாது,” என்றார், யாரும் கேட்காமலே. தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே, “நல்லா பிடிச்சுக்கிச்சு. மரத்தூள்னா இந்நேரம் கரைஞ்சு ஓடியிருக்கும். இன்னும் இருக்காம்மா?”

மிஸஸ் வாம்ஸ்லி டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“அது ஒரு டப்பாதான் இருந்துது வில்ஃப். அடுத்தது வர இன்னும் கொஞ்ச வருஷம் ஆகும்.”

வில்ஃப் யோசித்தார்.

“அவசரமில்ல,” என்றார். “வர்றப்ப நேரா என் கையில குடுக்கச் சொல்லிவைங்க. இவன்கிட்ட குடுத்துடாதீங்க. கண்ட இடத்துல வெச்சுட்டுப் போயிடுவான்.”